நூலுக்கு எந்த இடம், பூவுக்கு எந்த இடம்: பூனை இருக்கும் வீட்டில் ஓர் ஒப்பீடு

மதுரைத் திருநகரில் நாங்கள் குடியிருக்கும் வீடு, மாமா வேலையில் இருந்த காலத்தில் கட்டியது. கிழக்கு பார்த்த வாசலில் 12 அடி நீளத்துக்கு இரும்புக் கிராதி போட்ட வராந்தா, பின்னால் கிணறும் வேப்பமரமும் உள்ள கொல்லை, மேலே மறைப்பே இல்லாத மொட்டை மாடி என வெளிச்சமுள்ள இடங்கள் மூன்று உண்டு. எனக்குக் கையெம்ப்ராய்டரியும் குரோஷா என்ற கொக்கிப் பின்னலும் அன்றாட வேலை. அத்தைக்குச் சாமிக்கும் தலைக்கும் வீட்டுப் பூ வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன் மகள் தெருவிலிருந்து தூக்கி வந்த செவலைப் பூனைக்கோ வீடு முழுவதுமே சொந்தம். எங்கே இடம் இருந்ததோ அங்கே தொட்டியை வைத்து, எங்கே வெளிச்சம் வந்ததோ அங்கே ஊசியை எடுத்துக்கொண்டு, பூனையை அதன் போக்கில் விட்டிருந்தோம். இந்த ஆண்டு ஐப்பசி மழைக்கு முன் எதற்கு எந்த இடம் என்பதை ஒரே முறையாக முடிவு செய்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தோம். அப்படி எடைபோட்டுப் பார்த்ததை, இதே மூன்றையும் ஒரு கூரைக்கடியில் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முடிவெடுக்க வேண்டிய அவசரம் ஆனி மாதத்தில் ஒரு மாலையில் வந்தது. பழைய சுங்குடிப் புடவை ஒன்றை வெட்டித் தலையணை உறையாக்கி, அதன் வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே காம்புத் தையலில் கொடி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆங்கர் நூல்கண்டில் ஆறு இழைகள் சேர்ந்திருக்கும். மெல்லிய வேலைக்கு இரண்டை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு மீதி நான்கைப் பிறகு பயன்படுத்திக்கொள்ளலாம் என்று நாற்காலிக் கைப்பிடியில் தொங்கவிடுவது என் பழக்கம். அன்று அந்த நான்கிழைத் துண்டு செவலையின் வாய்க்குள் போயிருந்தது. ஒரு சாண் நீளம் வெளியே தொங்கியது. மகள் அதைப் பிடித்து இழுக்கப் போனாள். அதற்குள் பூனை ஓக்காளித்துக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டது. இழுக்காமல் விட்டதுதான் அதன் உயிரைக் காத்தது என்று கால்நடை மருத்துவர் பிறகு சொன்னார். நூல் நாக்கின் அடிப்பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதை விடுவித்து, ஊசி உள்ளே போகவில்லை என்பதை எக்ஸ்ரே எடுத்து உறுதி செய்து, இரண்டு நாள் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்.

பூனைக்கும் நூலுக்கும் உள்ள பகை விளையாட்டுக் காரியமன்று. பூனையின் நாக்கில் தொண்டையை நோக்கி வளைந்த முட்கள் இருப்பதால், நாக்கில் பட்ட நூலை அதனால் துப்ப முடியாது. விழுங்கிக்கொண்டேதான் போக வேண்டும். நூலின் ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் நகர்ந்தால், சுருக்குக் கயிறு இழுத்த பையைப்போலக் குடல் அந்த நூலின் மேலேயே மடிந்து சுருங்கும். நூல் இறுகும் இடத்தில் குடலை அறுக்கவும் செய்யும். வாயில் தொங்கினாலும் ஆசனவாயில் தொங்கினாலும் நூலைப் பிடித்து இழுக்கக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். பூனை வைத்திருக்கும் எல்லோரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்று மனப்பூர்வமாக விரும்புகிறேன். நாங்கள் இரண்டு வருடம் அறியாமல் இருந்தோம்.

ஆகவே எங்கள் ஒப்பீட்டில் பூச்செடி இரண்டாவதாகவும் பூனையின் வசதி மூன்றாவதாகவும் வந்தன. நூலுக்கான இடத்தைத்தான் முதலில் முடிவு செய்தோம். செடி இன்னும் நாலடி தள்ளி நின்றாலும் பூக்கும். நூல் பூனையிடமிருந்து நாலடி தள்ளியிருந்தால் போதாது, நடுவில் கதவு வேண்டும்.

எல்லாத் தையலும் ஒரே அளவு ஆபத்தானதன்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கையெம்ப்ராய்டரியில் நூலின் நுனியில் ஊசி கோத்திருக்கிறது. வளையத்தில் குத்திவிட்டு அடுப்பைப் பார்க்க எழுந்து போகும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. கையெம்ப்ராய்டரி, மிதி இயந்திரம், குரோஷா என்ற மூன்றில் இதுவே மிக மோசமானது. மிதி இயந்திரத்தில் நூல் தடங்களுக்குள் ஓடுவதால் சற்றுப் பாதுகாப்பு உண்டு. ஆனால் ஓடும் வார்ப்பட்டையில் வாலும் பாதமும் சிக்கலாம், கீழே சிந்தும் குண்டூசியையும் வெட்டு நூலையும் வேலை முடிந்ததும் கூட்டி அள்ளியாக வேண்டும். குரோஷாவில் ஒரே கொக்கி, ஒரே தொடர் நூல், வெட்டுத் துண்டுகள் குறைவு. கனமான பருத்தி நூலாக எடுத்துக்கொண்டு, கண்டை மூடிபோட்ட தூக்குவாளிக்குள் வைத்து, மூடியில் போட்ட ஓட்டை வழியாக நூலை இழுத்துப் பின்னினால் பூனை பக்கத்தில் இருக்கும்போதும் வேலை நடக்கும், எழும்போது எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடிவிடலாம். கம்பளி நூலை மட்டும் தவிர்த்துவிட்டேன். சில பூனைகளுக்குக் கம்பளியைச் சப்பி மெல்லும் பழக்கம் உண்டு, செவலை அந்த வகை.

இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டுதான் இடங்களைப் பார்த்தோம். மொட்டை மாடியில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை, ஆனால் அது ஊசி வேலைக்கான வெளிச்சமன்று. நேர் வெயிலில் வெள்ளைத் துணி கண்ணைக் கூசச் செய்கிறது, வியர்வைக் கை பட்டு நூலின் பளபளப்புப் போகிறது, சுங்குடியின் அரக்குச் சிவப்பும் நீலமும் தொடர்ந்து வெயில் கண்டால் வெளுக்கின்றன. கொல்லையில் வேம்பின் நிழல் இதமானது. ஆனால் இலை அசையும்போதெல்லாம் துணியின் மேல் நிழல் ஆடுவதால் எண்ணித் தைக்கும் குறுக்குத் தையலில் கணக்குத் தவறுகிறது, மாலை ஐந்தரைக்கு மேல் கொசுவும் வந்துவிடுகிறது. கூடத்தில் கதவு உண்டு, வெளிச்சமில்லை. டியூப் லைட்டில் கருநீலத்தையும் கறுப்பையும் பிரித்தறிய முடியாமல் இரண்டு முறை பிரித்துத் தைத்திருக்கிறேன்.

வராந்தாவில் காலை பத்து மணி வரை வெயில் சாய்வாக விழும், அதன் பிறகு நாள் முழுவதும் நேர் வெயில் படாத தெளிவான வெளிச்சம் பக்கவாட்டில் வரும். இந்த வெளிச்சத்தின் அருமை எனக்குப் புதுமண்டபத்தை நினைவுபடுத்தியது. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தில் தையல்காரர்கள் தூண்களுக்கிடையே இயந்திரங்களைப் போட்டுக்கொண்டு தலைமுறை தலைமுறையாகத் தைத்துவந்தார்கள். அவர்களும் மற்றக் கடைக்காரர்களும் பிற்பாடு குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறினார்கள். சிறுமியாக அம்மாவோடு பாவாடை தைக்கப் போகும்போது, நடுக்கூடம் மங்கலாக இருக்க, தூண்களின் ஓரத்தில் மட்டும் ஊசிமுனை தெரியும் அளவுக்கு வெளிச்சம் விழுந்துகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஊசிக்கு வேண்டியது அந்த ஓரத்து வெளிச்சந்தான்.

வராந்தாவுக்கு ஒரே குறை, கிராதிக் கம்பிகளுக்கு இடையே நாலங்குல இடைவெளி இருப்பது. செவலை அதில் உடம்பைக் குறுக்கி நுழைந்துவிடும். கிராதி முழுவதும் கம்பி வலை அடித்து, கூடத்துக்குள் போகும் கதவை வேலை நேரத்தில் சாத்திவைத்தால் அந்தக் குறை தீரும். அதோடு கொசுவும் நிற்கும். எம்ப்ராய்டரிக்கும் இயந்திரத்துக்கும் வராந்தா என்று முடிவானது இப்படித்தான். மாடியில் கூரை போட்டு ஓர் அறையாக்கலாம் என்ற யோசனையும் வந்தது. செலவைக் கேட்டதும் அதை மேலே பேசவில்லை.

அடுத்தது பூ. இதில்தான் வீட்டுக்குள் கருத்து வேறுபாடு அதிகம் இருந்தது, இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது.

அத்தை மாடியை விரும்பினார். "சாமிக்குப் போற பூவுல பூனை படக்கூடாது, கொல்லையில வச்சா அது தூர்லதான் போயிக் குழி பறிக்கும்" என்றார். அது உண்மையே. பூனை கழிவிடத்துக்குத் தேடுவது பொலபொலப்பான, காய்ந்த மண்ணை. நாம் செடிக்காகக் கொத்திவிட்ட பாத்தி அதற்கு மிகவும் பொருத்தம். சுத்தம் மட்டுமல்ல, உடல்நலமும் இதில் இருக்கிறது. பூனையின் கழிவின் வழியே பரவும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி கருவுற்ற பெண்களின் சிசுவைப் பாதிக்கக்கூடியது. கழிவில் அது மற்றவர்க்குத் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும் என்பதால் அன்றாடம் அள்ளிவிடுவது பெரிய பாதுகாப்பு. ஆனால் பாத்தி மண்ணுக்குள் புதைந்ததை யார் தேடி அள்ளுவது? கருவுற்றவர்கள் உள்ள வீட்டில் இந்த ஒரு காரணத்துக்காகவே மாடித் தொட்டியைத் தேர்ந்தெடுத்தாலும் நான் தவறு சொல்லமாட்டேன்.

நான் கொல்லையை விரும்பியதற்கு முதற்காரணம் மல்லிகை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் தடித்த இதழும், மாலை வரை விரியாமல் நிற்கும் மொட்டும் ஊரறிந்தவை. அதன் பதியன்கள், அதாவது வேர்விட வைத்த இளங்கன்றுகள், பெரும்பாலும் இராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடம் பக்கத்திலிருந்தே வருகின்றன. செடிக்கு நாள் முழுவதும் வெயில் வேண்டும், அதே சமயம் வேர் குளிர்ந்திருக்க வேண்டும். நிலத்தில் இரண்டும் கிடைக்கும். மாடியில் வெயில் மட்டுமே கிடைக்கும். மல்லிகை உச்சமாகப் பூப்பது பங்குனி, சித்திரையில். அதே மாதங்களில்தான் மதுரையின் வெப்பம் 40 டிகிரி செல்சியசை எட்டுகிறது, தளம் காலை வைக்க முடியாதபடி கொதிக்கிறது, தொட்டியின் பக்கச்சுவர் வழியே சூடு ஏறி ஓரத்து வேர்கள் கருகுகின்றன. அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில், வீட்டில் எல்லோரும் வெளியே போயிருக்க, காலை மாலை இரண்டு வேளையும் மாடியேறி நீர் ஊற்றுபவர் யார் என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் விடையில்லை.

நீரின் தரமும் ஒரு காரணம். எங்கள் தெருவில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கலந்தது, குடத்தின் விளிம்பில் வெள்ளையாகப் படியும். தொட்டி மண்ணில் அந்த உப்பு நாளுக்கு நாள் சேர்ந்து இலைநுனியைக் காயவைக்கிறது. நிலத்திலும் சேரத்தான் செய்கிறது, ஆனால் வடகிழக்குப் பருவமழை வந்து அதைக் கீழே கழுவிக்கொண்டு போய்விடும். மேலும், நனைந்த மண்ணோடு பெரிய தொட்டி ஒன்று 30 கிலோவைத் தாண்டும். இருபது தொட்டி என்றால் பழைய தளத்தின் மேல் நிரந்தரமாக அரை டன்னுக்கு மேல் நிற்கும். இவற்றோடு திருப்பரங்குன்றம் மலைப் பக்கத்திலிருந்து வரும் குரங்குகள் மாடியில் வைத்த எதையும் பிய்த்துப் பார்க்காமல் விடுவதில்லை. பூனைக்கும் மாடி உகந்ததன்று. கைப்பிடிச் சுவரில் நடந்து அடுத்த வீட்டு மாடிக்குத் தாவும் ஆசையில் விழுந்து அடிபடும், இரவில் ஊர்ப்பூனைகளோடு சண்டை பிடித்துக் கடிபட்டும் வரும்.

அத்தையின் மறுப்புக்கு மருந்தில்லாமல் கொல்லையைத் தேர்ந்தெடுக்க நான் விரும்பவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் செய்திருப்பதைப் பார்த்து, ஆடியில் சோதனையாக ஒரு பாத்தியில் ரோஜாவைக் கவாத்து செய்து வெட்டிய முட்குச்சிகளையும் உடைந்த ஓட்டுத் துண்டுகளையும் செடியின் தூரைச் சுற்றிப் பரப்பினேன். மண் வெளியே தெரியாவிட்டால் பூனை அங்கே தோண்டுவதில்லை. கொல்லையின் மறுகோடியில், மதிலோரம், அகலமான பழைய பிளாஸ்டிக் தொட்டியில் காய்ந்த மணலை நிரப்பி வைத்தேன். நாலைந்து நாளில் செவலை அங்கே போகத் தொடங்கியது. தினமும் காலையில் அள்ளுவதும் வாரம் ஒருமுறை மணலை மாற்றுவதும் என் பொறுப்பு. ஆவணி முடியும் வரை பாத்தியில் குழி எதுவும் இல்லை என்று கண்ட பிறகே அத்தை சம்மதித்தார். சாமிக்கு எடுக்கும் செம்பருத்தி மட்டும் ஆளுயரத்துக்கு மேல் பூப்பதாக இருக்கட்டும் என்றார். அப்படியே செய்கிறோம்.

இடம் முடிவானாலும் எந்தப் பூ என்பது மிச்சம் இருந்தது. நம் வீடுகளில் இயல்பாக நிற்கும் செடிகள் பல பூனைக்கு நஞ்சு. மல்லிகை, ரோஜா, செம்பருத்தி மூன்றும் பயமில்லாதவை. அரளியின் இலை, பூ, பட்டை, காய்ந்த சருகு எல்லாமே இதயத்துடிப்பைக் குலைக்கும். எங்கள் கிணற்றடியில் இளஞ்சிவப்பு அரளி நின்றது. மாமா வைத்த செடி என்பதால் அதை எடுப்பதற்கு எல்லோருக்கும் மனம் கனத்தது. ஆனாலும் எடுத்தோம். வெட்டியதை எரிக்கவில்லை, புகையும் கெடுதல். வெள்ளிக்கிழமைக்கு அரளியைக் கடையில் வாங்கிக்கொள்கிறோம். நித்தியகல்யாணியும் போனது. நம் மாநிலப் பூவான செங்காந்தளை ஆசைக்கு ஒரு கிழங்கு நடலாம் என்று மகள் கேட்டாள். ஒட்டன்சத்திரம், தாராபுரம் பக்கங்களில் அதை விதைக்காகவே பயிரிடுகிறார்கள், அந்த விதையிலிருந்து எடுக்கும் கால்சிசின் மருந்தாகிறது. ஆனால் அதே கால்சிசின் பூனைக்கும் மனிதருக்கும் கொல்லும் நஞ்சு. கிழங்கில் அது நிறைய இருப்பதால் தோண்டும் பிராணி உள்ள வீட்டில் அதற்கு இடமில்லை. சாமந்தியின் இலையைத் தின்றால் வாந்தியும் தள்ளாட்டமும் வரும் என்பதால் அதையும் விட்டுவிட்டோம். எல்லாவற்றிலும் கொடியது பூங்கொத்துகளில் வரும் பெரிய லில்லி. அதன் மகரந்தம் உரோமத்தில் பட்டு அதை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும். அது செடியாக வேண்டாம் என்பது மட்டுமன்று, பிறந்தநாளுக்கு யாராவது கொத்தாகக் கொண்டுவந்தாலும் வாசலோடு நிறுத்திவிட வேண்டும்.

எரு, மருந்து விஷயத்திலும் இதே கணக்குத்தான். ஆமணக்குப் புண்ணாக்கில் ரிசின் என்ற நஞ்சு இருக்கலாம், பிராணிகள் அதை உணவென்று எண்ணித் தின்றுவிடும். நன்றாக மக்கிய மாட்டெரு போதும். மல்லிகை மொட்டுப்புழுவுக்குக் கடையில் தரும் பூச்சிமருந்துகளில் பெர்மெத்ரின் வகையைத் தொடுவதில்லை. பூனையின் ஈரலால் அதை எளிதில் சிதைத்து வெளியேற்ற முடியாது, இலையில் உரசி உரோமத்தில் பட்டதை நக்கியே அது உள்ளே கொண்டுபோய்விடும். பத்துப் பதினைந்து செடிக்குப் புழு பட்ட மொட்டைக் கையால் கிள்ளி அழிப்பது நடக்கிற காரியந்தான்.

பூ தொடுப்பதை நான் முதலில் பூவின் கணக்கில் வைத்திருந்தேன், அது நூலின் கணக்கில் வர வேண்டியது. நனைத்த வாழைநாரின் மணமும் நெளிவும் பூனையை எம்ப்ராய்டரி நூலைவிட அதிகமாக இழுக்கின்றன. வாடிய சரத்தைச் சாமி படத்திலிருந்து எடுத்து ஓரமாகப் போட்டுவைக்கும் பழக்கமும் ஆபத்தானது. கடைச்சரங்களில் இப்போது நாருக்குப் பதில் பருத்தி நூல்தான் அதிகம், வாடிய பூ உதிர்ந்த பின் மிஞ்சுவது வெறும் நூல். எனவே தொடுப்பதும் வராந்தாவுக்குப் போகிறது, வாடிய சரம் மூடியுள்ள வாளிக்குப் போகிறது.

செவலைக்கு என்ன மிஞ்சியது என்றால், கொல்லை முழுவதும் மிஞ்சியது. மதிலோரத்தில் ஒரு மண்சட்டியில் கோதுமை முளைக்கப் போட்டிருக்கிறோம், மெல்லுவதற்கு அந்தப் புல் இருப்பதால் ரோஜாத் தளிரை விட்டுவிட்டது. களை பறிக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று பெயர் இருப்பது காரணப் பெயர்தான். அதை வேரோடு பிடுங்கிய இடத்தில் செவலை வந்து முகத்தைத் தேய்த்துப் புரண்டு, பக்கத்தில் இருந்த இளஞ்செடியை மடக்கிவிட்டது. இப்போது பிடுங்கிய வேர்களை அதன் மூலைக்கே எடுத்துக்கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறேன், புரளுவது அங்கேயே நடக்கிறது. குரோஷாவை மட்டும் மாலை நாலு மணிக்குக் கொல்லைக்கு எடுத்துப் போகிறேன். தூக்குவாளி காலடியில் இருக்க, பூனை கிணற்றுச் சுவரில் படுத்திருக்க, கொசு வரும் வரை ஒன்றரை மணி நேரம் கிடைக்கிறது.

வலையடிக்க ஆசாரியார் புரட்டாசி முடிந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை எம்ப்ராய்டரி வளையம் பீரோவுக்குள் பூட்டியிருக்கிறது. மல்லிகைப் பதியன் பன்னிரண்டுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம். ஒன்றரை அடி ஆழக் குழிகளை மகள் இப்போதே வெட்டி ஆறப்போட்டிருக்கிறாள். ஒவ்வொரு குழியின் வாயிலும் அத்தை ஓட்டுத் துண்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்.